எங்கள் ஆலயத்தில் மணி அடிக்கிற ஊழியரான கோயில்குட்டி அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

சகதியை அள்ளி முடித்து, ஊறிப்போன மெத்தைகளையும் அரிசி மூட்டைகளையும் தெருவில் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை விவரிக்கப் போவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வெள்ளம் வந்தபோது தாமிரபரணிக் கரையில் இருந்தவர்களுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று பிறகுதான் கேள்விப்பட்டோம். குடும்பத்தோடு உயிரோடு இருக்கிறோம். ஆண்டவருக்கு நன்றி. அவர் அனுப்பிய உங்கள் எல்லாருக்கும் நன்றி.

கடலுக்குப் போகும் வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் தெருவுக்குள் ஓட்டிய மீனவத் தம்பிமார்களுக்கு நன்றி. சுடச்சுடச் சோறு கொண்டுவந்த ஜமாஅத் சகோதரர்களுக்கும், பாயும் போர்வையும் சேர்த்து அனுப்பிய பக்கத்துச் சேகரத்துச் சபைகளின் அம்மாமார்களுக்கும், மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்த செவிலியர்களுக்கும் நன்றி. கிறிஸ்துமஸ் பஜனைக்கு வாங்கி வைத்திருந்த புதுச் சட்டையை மறந்துவிட்டு, மண்வெட்டியோடு வீடு வீடாக ஏறி இறங்கிய வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளுக்கும், எல்லார் வீட்டுக்கும் வந்து ஜெபித்த எங்கள் சபைப் போதகர் ஐயர் அவர்களுக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத ஆசைதான், கை ஓயவில்லை.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் சபையின் கோயில்குட்டி அண்ணாச்சி. "என் பேரைப் போட்டுராதிய" என்று கையெடுத்துக் கேட்டுக்கொண்டதால் பெயர் எழுதவில்லை.

18ஆம் தேதி திங்கட்கிழமை. நாங்கள் மொட்டை மாடியில் இருந்தோம். பக்கத்து வீட்டுக் குடும்பமும் எங்களோடுதான் இருந்தது. அவர்கள் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். போன் எடுக்கவில்லை, கரண்ட் இல்லை, மணி என்ன என்றுகூடத் தெரியவில்லை. கீழே தண்ணீர் ஓடுகிற இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் அழுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள், அதுதான் அதிக பயமாக இருந்தது. ஜெபிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், "இயேசப்பா" என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வரவில்லை.

அப்போது ஆலயமணி அடித்தது.

ஆபத்துக்கு அடிக்கிற மாதிரி படபடவென்று அடிக்கவில்லை. தினமும் 6.30 மணிக்கு மாலை ஜெபத்துக்கு எப்படி நிதானமாக அடிப்பாரோ, அதே மாதிரி. ஆலயத்துக்குள் இடுப்பளவு தண்ணீர். மதில் சுவரைப் பிடித்துப் பிடித்து மணிக்கூண்டு வரைக்கும் போயிருக்கிறார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அன்றைக்கு ஆராதனை கிடையாது என்று அவருக்கும் தெரியும்.

மணிச் சத்தம் கேட்டதும் என் மாமியார் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, "இன்னைக்கு 18 தேதி, சாயங்காலத்துக்கு 93" என்றார்கள். பழைய ஜெபபுத்தகத்தில், வேதாகமத்திலுள்ள ஜெபப் பாடல்களான 150 சங்கீதங்களும் 30 நாளுக்கு, காலை மாலை என்று பிரிக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்தில் 1549ஆம் வருஷத்து ஜெபபுத்தகத்திலிருந்தே வருகிற ஏற்பாடு அது; மிஷனரிமார் காலத்தில் திருநெல்வேலிச் சீமைக்கும் வந்தது. எங்கள் வீட்டில் மாமியார் மட்டும் இன்றுவரை அதன்படி படிக்கிறவர்கள். தேதியைச் சொன்னால் சங்கீதத்தைச் சொல்லிவிடுவார்கள். புத்தகம் கீழே தண்ணீரில் கிடந்தது. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்கள்:

"கர்த்தாவே, நதிகள் எழும்பின, நதிகள் இரைச்சலிட்டு எழும்பின, நதிகள் அலைதிரண்டு எழும்பின."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஐந்தே வசனமுள்ள சங்கீதம் அது. திரளான தண்ணீர்களின் இரைச்சலைப் பார்க்கிலும் கர்த்தர் வல்லமையுள்ளவர் என்று அடுத்த வசனம் வருகிறது. பிள்ளைகள் பாட்டியோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். எதிர் மாடியில் இருந்து இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. அப்புறம் கர்த்தருடைய ஜெபம். பக்கத்து வீட்டு அக்கா எங்களோடு கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தாள். "அந்த மணிதான் தம்பி எனக்குத் தெம்பு தந்துச்சு, ஊருல ஆள் இருக்குன்னு தெரிஞ்சுதே" என்று பிறகு ஐயரிடம் அவளே சொன்னாள்.

அந்தச் சங்கீதத்தை நாங்கள் தேடி எடுக்கவில்லை. தேட எங்களுக்குத் தெம்பும் இல்லை. வெயில் காலத்திலும், கல்யாண வீட்டு அலைச்சலிலும், காய்ச்சலோடும், மனமில்லாத நாளிலும் மாமியார் ஒவ்வொரு மாதமும் 18ஆம் தேதி சாயங்காலம் அதைப் படித்திருக்கிறார்கள். அண்ணாச்சியும் அப்படித்தான், நாலே பேர் வருகிற ஜெபத்துக்கும் நேரம் தவறாமல் மணி அடித்திருக்கிறார்.

மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன இரண்டு வீடுகளை, வெள்ளத்தில் கன்மலையின் மேல் நின்ற வீட்டையும் மணலின் மேல் விழுந்த வீட்டையும் பற்றி இந்த நாட்களில் நிறையப் பேர் பேசுகிறார்கள். நான் ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். வீடு நின்றவர்களின் விசுவாசம் பெரியது, இடிந்தவர்களின் விசுவாசம் சிறியது என்று யாரும் சொல்லாதீர்கள். எங்கள் சபையில் முழங்கால் தேய ஜெபிக்கிற ஒரு அம்மாவின் மண் வீடு கரைந்தே போய்விட்டது. அந்த உவமையில் இரண்டு வீட்டின் மேலும் ஒரே மழைதான் பெய்கிறது. லூக்கா எழுதும்போது, நின்ற வீட்டைக் கட்டினவன் ஆழமாய்த் தோண்டினான் என்று கூடுதலாகச் சொல்கிறார். தோண்டுகிற வேலை மழைக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. அங்கே பாலஸ்தீனத்திலும் கோடையில் ஓடைகள் காய்ந்து கிடக்கும், மாரிக்காலத்தில் திடீரென்று வெள்ளம் வரும். இயேசுவின் பேச்சைக் கேட்டவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. இயேசு "நான் சொல்லிய இந்த வார்த்தைகளைக் கேட்டு, இவைகளின்படி செய்கிறவன்" என்கிறார். எந்த வார்த்தைகள்? அதற்கு முன்னால் 5, 6 அதிகாரங்களில் சொன்னவைதான். சகோதரனோடு ஒப்புரவாகு, சத்துருவைச் சிநேகி, நாளைக்காகக் கவலைப்படாதே, வலது கை செய்வதை இடது கை அறியாமல் தர்மம் செய். அண்ணாச்சியின் காலைப் பிடிக்காத குறையாக நான் நன்றி சொன்னபோது அவர், "ஆறரைக்கு மணி அடிக்கணும்லா, அதான் அடிச்சேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார். அன்றாட விசுவாசம் எப்படி இருக்கும் என்று என் பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு இனி வேறு ஆள் வேண்டாம்.

ஆகவே எங்கள் குடும்பம் கர்த்தருக்கு முன்பாக ஒரு பொருத்தனை செய்திருக்கிறது. தினமும் மாலை ஜெபத்துக்கு மணி அடித்ததும் டிவியையும் போனையும் அணைத்துவிட்டு, அன்றைய சங்கீதம், சுவிசேஷத்தில் ஒரு பகுதி, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம். தெருவில் ஒரு வீட்டுக்காகப் பேர் சொல்லி மன்றாட்டு. மறுநாள் அந்த வீட்டுக்குப் போய் என்ன வேண்டும் என்று கேட்பது. பிள்ளைகள் சங்கீதங்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டார்கள். சின்னவன் 121இல் இருக்கிறான்.

மாமியாரின் ஜெபபுத்தகம் காய்ந்தும் பக்கங்கள் பிரியவில்லை. யார் வீட்டிலாவது தாத்தா பாட்டி காலத்துப் பிரதி சும்மா இருந்தால், ஐயர் வீட்டில் கொடுத்துவிடுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணாச்சி, வருகிற சனிக்கிழமை மதினியையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். மறுக்கக் கூடாது. மணி அடித்துவிட்டே வாருங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்.

கர்த்தருடைய அன்பில்,
உங்கள் சபைச் சகோதரி