ஒய்யைத் தனியாகப் பிரிப்பானேன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழின் மாணவர் பகுதியில் வட்டத்துக்குத் தொடுகோடு காணும் கணக்கைப் பார்த்தேன். விடை சரி. போன வழிதான், பட்டர்வொர்த்தில் ஃபெரி காத்திருக்க, தெற்கே பத்து காவான் போய் இரண்டாம் பாலத்தில் ஏறி அக்கரை ஜார்ஜ்டவுன் வந்த கதை. 'எக்ஸ் வர்க்கம் + ஒய் வர்க்கம் = 25' என்ற வட்டத்தில் (3, 4) புள்ளிக்குத் தொடுகோடு கேட்டால், ஒய்யைத் தனியாக்கி, வர்க்கமூலம் போட்டு, கூட்டலா கழித்தலா என்று பிள்ளை தலையைச் சொறிய வேண்டுமா?

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வின் கணிதத்தில் இதற்கென்றே உட்படு வகையிடல் இருக்கிறது: ஒய்யைப் பிரிக்காமலே, சமன்பாட்டை அப்படியே வகையிட்டுச் சாய்வு காணும் முறை. மலாயில் 'தெர்சிராட்' என்பார்கள், சொல்லாமல் உணர்த்துவது. பொருத்தமான பெயர். ஒய் இன்னதென்று சமன்பாடு வாய் திறக்கவில்லை. ஆனால் எக்ஸ் அசைந்தால் ஒய்யும் அசைந்தே தீரும். அதனால் ஒய் வர்க்கத்தை வகையிடும்போது 2ஒய் மட்டும் வராது, பின்னாலேயே டிஒய் பை டிஎக்ஸும், அதாவது சாய்வும், வரும். இதுதான் சங்கிலி விதி. என் பிரத்தியேக வகுப்பில் எல்லாரும் சறுக்கிய இடம் இதுதான். '2எக்ஸ் + 2ஒய் = 0' என்று எழுதிவிட்டு, "சாரு, சாய்வு எங்கே?" என்று கேட்பார்கள். அதை நீதானே அய்யா தொலைத்தாய்! சங்கிலி விதியை மறக்காமல் போட்டால் சாய்வு −3/4, தொடுகோடு 3எக்ஸ் + 4ஒய் = 25. மூன்றே வரி.

உண்மையைச் சொன்னால், வட்டத்துக்கு வகையிடலே வேண்டாம். ஆரத்தின் சாய்வு 4/3, தொடுகோடு அதற்குச் செங்குத்து, முடிந்தது. இந்த முறையின் அருமை தெரிய, எக்ஸ் கனம் + ஒய் கனம் = 6எக்ஸ்ஒய் போன்ற வளைவு வேண்டும். இதில் ஒய்யைப் பிரித்துப் பாருங்கள், பொழுது விடிந்துவிடும். 1638இல் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் இந்த வகை வளைவைக் காட்டி, தொடுகோடு போடு பார்க்கலாம் என்று இன்னொரு பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவுக்குச் சவால் விட்டார். ஃபெர்மா போட்டுக் காட்டினார். வகையிடலை உருவாக்கியவர்களில் ஒருவரான நியூட்டன் அப்போது பிறக்கவே இல்லை.

புள்ளி (3, 3) என்று வைப்போம். வகையிட்ட கையோடு எண்களைப் போட்டுவிட வேண்டும். எழுத்துகளை இங்கும் அங்கும் மாற்றிக்கொண்டிருந்தால் குறி தவறும். 'சா' என்பது சாய்வு. வகையிட்டால் 3 எக்ஸ் வர்க்கம் + 3 ஒய் வர்க்கம் × சா = 6ஒய் + 6எக்ஸ் × சா. எண்களைப் போட்டால் 27 + 27சா = 18 + 18சா. வலப்பக்கம் பெருக்கல் விதியால் இரண்டு உறுப்புகள் வந்திருப்பதைக் கவனிக்கவும், அடுத்த சறுக்கல் அங்கே. சாய்வு −1, தொடுகோடு எக்ஸ் + ஒய் = 6.

வரும் ஞாயிறு இந்த வளைவைப் போட்டு, ஆதிப்புள்ளியில் தொடுகோடு என்ன என்று கேளுங்கள். 0 = 0 என்று வந்து பிள்ளைகள் விழிப்பார்கள். வளைவு அங்கே தன்னையே வெட்டிக்கொள்கிறது. இரண்டு அச்சுகளுமே தொடுகோடுகள். என் கடிதத்தை அச்சிடுவதானால் இந்தக் கடைசி வரிகளை மட்டும் வெட்டிவிடுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு