பணம் கொடுக்கும் முன் படி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் நேற்று வந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் முழங்காலும் தேவலை. மற்ற கதையெல்லாம் பிறகு. எதை வாங்கலாம் என்று நீ கேட்டிருந்த அந்த மூன்று பழைய சிற்றலை ரேடியோ செட்டில் எதற்கும் இன்னும் முன்பணம் கொடுத்துவிடவில்லையே? உன் அவசரம் எனக்குத் தெரியும். டேப் ரெக்கார்டர் விஷயத்தில் மூர்த்தி உன்னை நம்பிப் பட்டது போதும்.

யேஸு எஃப்ஆர்ஜி-7 படத்தைப் பார்த்ததும் எனக்கே கை துறுதுறுத்தது. 1976-இல் வந்த செட். மெகாஹெர்ட்ஸ் குமிழைத் திருகி, சிவப்பு விளக்கு அணையும் இடத்தில் நிறுத்திவிட்டு, அப்புறம் பெரிய டயலில் நிலையத்தைத் தேட வேண்டும். உள்ளே பாகங்கள் பெரிசு பெரிசாக இருக்கும். சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர் சரிபண்ணிவிடலாம். ஆனால் அதற்கு ஏரியலாக வெளியே நீளமாக ஒயர் இழுத்துக் கட்ட வேண்டுமே! நீ இருப்பது நாலாவது மாடி; சுற்றிலும் எல்இடி பல்பும் சார்ஜரும். அவை கிளப்பும் மின் இரைச்சலைத்தான் அது உனக்குத் துல்லியமாகப் பிடித்துத் தரும். விட்டுவிடு.

மிச்சம் இரண்டும் சோனி, இரண்டும் பாட்டரியில் ஓடும். இரைச்சல் இல்லாத இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், உனக்கு வேண்டியது அதுதான். இரண்டிலும் சிங்க்ரனஸ் டிடெக்டர் இருக்கிறது. தூரத்து நிலையம் மங்கி மங்கி வரும்போது குரல் கிழிந்து கோணலாகுமே, இந்த வசதியைப் போட்டால் அந்தக் கோணல் பெரும்பாலும் அடங்கிவிடும். பக்கத்து நிலையம் மேலே ஏறினால், ஏறாத பக்கத்தை மட்டும் எடுத்துக் கேட்கலாம். ஒரு தடவை கேட்டுவிட்டால் இது இல்லாத செட்டை நீ தொடமாட்டாய்.

ஐசிஎஃப்-2010, 1985-இல் வந்தது. ட்யூனிங் குமிழ் 0.1 கிலோஹெர்ட்ஸ் அளவு நுணுக்கமாக நகரும், 32 நிலையங்களுக்கு 32 பட்டன். அதன் பேரைக் கேட்டாலே நீ மயங்குவாய். ஆனால் அதில் ஒரு பலவீனம்: வெளி ஏரியல் வழியாக வரும் ஸ்டாடிக் மின்சாரம் ஏரியலை ஒட்டிய முதல் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும். அப்படி அடிபட்ட செட் ஓடத்தான் செய்யும், காதுதான் மந்தம். விற்பவர் "நன்றாகப் பாடுகிறது" என்பார், பலமான நிலையம் ஒன்றை வைத்துக் காட்டுவார். நீ மெலிந்த நிலையமாகத் தேடி வைத்துப் பார். மூன்று பெரிய பாட்டரி போக இரண்டு சின்ன ஏஏ பாட்டரியும் அதற்கு வேண்டும். கையில் கொண்டு போ.

ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர் அதைவிட இளையது, 2001. ட்யூனிங் குமிழ் கிடையாது, பட்டனை அமுக்கி அமுக்கித்தான் போக வேண்டும். அது உனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் ஏஏ பாட்டரி நாலே நாலு, பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

எதுவானாலும் பாட்டரி அறையைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா பார். உள்ளேயிருந்து மீன் வாடை வந்தால் கெபாசிட்டர் ஒழுகியிருக்கிறது, பேசாமல் எழுந்து வந்துவிடு. ஒலிக் குமிழைத் திருகும்போது கரகரத்தால் அது வெறும் தூசு. பிறகு 10000 கிலோஹெர்ட்ஸில் நேர சமிக்ஞை, அதாவது டிக் டிக் என்று நேரம் சொல்லும் நிலையம், கிடைத்தால் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப் பட்டை) முறையைப் போடு. டயல் காட்டும் அளவு சரியாக இருந்தால் ஊளை அடங்கி டிக் டிக் மட்டும் கேட்கும். ஊளையிட்டால், 7600ஜிஆரில் மட்டும் இருக்கும் எஸ்எஸ்பி நுண்குமிழை நடுவில் வைத்துவிட்டு இன்னொரு தடவை பார். அப்போதும் நிற்கவில்லையென்றால் டயல் விலகியிருக்கிறது. அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி கேள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

2010-ஐ இப்படி உட்கார்ந்து சோதிக்க விட்டால் அதை வாங்கு. விடாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு 7600ஜிஆர்.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதே, சேகர். 2012-இல் நெதர்லாந்து வானொலி சிற்றலையை நிறுத்தியபோது நீ எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ருமேனியாவும் நியூசிலாந்தும் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. என்றைக்குப் பார்க்கப் போகிறாய் என்று உடனே எழுது. முடிந்தால் நானும் வருகிறேன்.

அன்புடன்,
ரகு