மதிப்பெண் சான்றிதழுடன் ஒரு கடிதம்

பென்னாகரம்,
ஞாயிறு இரவு

அன்பு மகள் செல்விக்கு,

நீ கேட்ட பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் இத்துடன் இருக்கின்றன. எதற்கென்று நீ எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. கையில் கிடைத்ததும் நான்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொள். அசலை லேமினேட் செய்யாதே. மாப்பிள்ளையின் பீரோவில் வைக்காமல் உன் பெட்டியிலேயே வை.

நீலப் பெட்டியிலிருந்து எடுத்தவள் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2021-இல் கொரோனாவால் பொதுத்தேர்வை ரத்து செய்து, பத்தாம் வகுப்புக்கு 50 விழுக்காடு, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறைக்கும் அக மதிப்பீட்டுக்கும் 30 என்று கூட்டிப்போட்ட மதிப்பெண் அது. எழுதாத தேர்வுக்கு மார்க்கா என்று தம்பி கேலி செய்தபோது நானும் சிரித்தேன். எழுதியிருந்தால் இதைவிட அதிகம் வாங்கியிருப்பாய் என்பது எனக்குத் தெரியும், அன்று சொல்லவில்லை.

வீட்டில் இருந்த ஒரே ஆண்ட்ராய்டு போனில் காலையில் தம்பிக்கு வகுப்பு, மாலையில் நான் அனுப்பவேண்டிய காய்ச்சல் கணக்கு, எல்லோரும் படுத்தபின் மிஞ்சிய சார்ஜ் உனக்கு. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியோரம் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்றபடியே வேதியியல் கேட்பாய். பாட்டிக்குத் துணி மாற்றுவதும் ஐந்து பேருக்குச் சமைப்பதும் யாரும் சொல்லாமலே உன் தலையில் வந்து விழுந்தன. தம்பியை ஒரு நாளாவது அரிசி களையச் சொன்னேனா என்று யோசிக்கிறேன்.

நான் அப்போது சுகாதாரத் துறை வேலையாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். பள்ளி மூடியிருந்ததால் எந்தப் பெண் வகுப்புக்கு வரவில்லை என்று கவனிக்க ஆளில்லை. கூட்டம் கூடாதென்றதால் கல்யாணச் செலவும் குறைந்திருந்தது. பெங்களூரில் வேலை போய்த் திரும்பிய தகப்பன்மார் சிலருக்கு இவ்விரண்டும் போதுமாயிருந்தன. கர்ப்பப் பதிவுக்கு வந்த ஒரு சிறுமி, வயது பத்தொன்பது என்று ஒப்பித்தாள். நான் ஆதாரைக் கேட்டதும் மாமியார் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அப்படி இரண்டு கல்யாணங்களைக் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லி நிறுத்தினேன், உனக்கு நினைவிருக்கும். வீட்டில் அடிபட்டவர்கள் பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம் என்றும் வீடுவீடாகச் சொன்னேன். ஆனால் ஊரடங்கில் போன் பெரும்பாலும் அடித்தவனின் சட்டைப்பையில்தான் இருந்தது.

உன் போன் உன்னிடம்தானே இருக்கிறது? செய்திகளையெல்லாம் நீயேதானே அனுப்புகிறாய்? போன மாதம் மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் மாப்பிள்ளைதான் எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்லவில்லை. நீயாவது திரும்பக் கூப்பிட்டிருக்கலாம்.

உனக்குப் பதினெட்டு நிறைந்த இருபத்து மூன்றாம் நாள் தாலி ஏறியது. சட்டப்படி குற்றமில்லை என்று நாள் எண்ணிப் பார்த்து அப்பாவிடம் சொன்னவள் நான்தான். இரண்டாம் அலையில் என்னோடு வேலை பார்த்த செவிலியர் இறந்ததும், எனக்கும் ஒன்று ஆகிவிட்டால் உன்னை யார் பார்ப்பார்கள் என்று பயந்துதான் அவசரப்பட்டோம் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை. அவர்கள் நகை கேட்கவில்லை, மண்டபம் பிடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஊர்ப் பெண்களின் பெற்றோரிடம் நான் எந்தக் காரணங்களுக்காகச் சண்டை போட்டேனோ, அதே காரணங்கள் என் வீட்டுக்குள் வந்தபோது எனக்கு நியாயமாகத் தெரிந்தன.

அடுத்த ஆண்டு, 2022 செப்டம்பரில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் வந்தது. அதற்கு நானே வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தேன். கொரோனாவுக்கு முன்பு எபோலா நோய் வந்தபோது மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலும் இப்படித்தான் பள்ளிகளை மூடினார்கள். இடையில் கர்ப்பமான சிறுமிகள் பள்ளி திறந்தபின் உள்ளே வரக்கூடாதென்று 2015-இல் தடை போட்டார்கள். அது நீங்க 2020 மார்ச் ஆயிற்று. இதைப் படித்தபோது அந்த நாட்டின் மேல் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை.

சான்றிதழ் கல்லூரிக்கென்றால் கட்டணம் நான் கட்டுகிறேன், ஓய்வூதியம் வருகிறது. வேறு எதற்கென்றாலும் தம்பியின் அறையை ஒழித்து வெள்ளையடித்து வைத்திருக்கிறோம். மாடிக் கதவுச் சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது. மாமா பேசியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

முதலில் ஜெராக்ஸ் எடுத்துவிடு.

இப்படிக்கு,
அம்மா