பெசன்ட் நகர் நடையில் எனக்கு உதவிய அக்காவுக்கு

மார்ச்சில் உலக சிறுநீரக தினத்தை ஒட்டி பெசன்ட் நகர் கடற்கரையில் விழிப்புணர்வு நடை போனோமே, அதில் பாதி வழியில் தலை சுற்றி நான் உட்கார்ந்ததும் ஓடிவந்த பச்சைச் சுடிதார் அக்கா, பெயர் தெரியாததால் இப்படித்தான் கூப்பிட முடிகிறது, இந்தப் பதிவு உங்களுக்கு. தூக்கிவிட என் இடது கையைப் பிடிக்க வந்தவர்களிடம் "அந்தக் கையை விடுங்க, ஃபிஸ்டுலா இருக்கு" என்றீர்கள். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் கை அது, இழுக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, பிரஷர்கூட அதில் பார்க்கக் கூடாது. வெளியாட்களுக்கு இது எங்கே தெரியும்! உங்கள் அப்பாவும் டயாலிசிஸில் இருந்தவராம், அப்புறம்தான் சொன்னீர்கள். என்னைப் படுக்கவைத்து, கால்களை உங்கள் பையின் மேல் தூக்கி வைத்தீர்கள். யாரோ பெரிய பாட்டிலை நீட்ட, "இவங்களுக்குத் தண்ணி அளவுதான்" என்று இரண்டு மடக்கோடு நிறுத்தி, ஆட்டோ வரும்வரை துப்பட்டாவால் விசிறிக்கொண்டே இருந்தீர்கள். ரொம்ப நன்றி அக்கா, கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு பார்த்துச் செய்ய மாட்டாள்.

படிக்கிறவர்களுக்கும் ஒன்று: சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ எதுவும் காட்டாது சிறுநீரக நோய். டாக்டர் சரி என்றால் அடுத்த மார்ச்சிலும் நடக்க வருவேன். நீங்களும் வாங்க அக்கா.