சைகையைத் தேர்ந்தெடுக்கப் பழகும் குட்டிகள்

அன்புள்ள வேங்கடேசன்,

நலம், தங்கள் நலமறிய ஆவல். மனிதக் குரங்குகளின் சைகைகள் பிறவியிலேயே அமைந்தவையா, தாயைப் பார்த்துப் பழகியவையா என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். ஆய்வாளர்களே பல ஆண்டுகள் வழக்காடிய கேள்வி இது. ஆகவே பதில் சற்று நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மைக்கேல் தொமசெல்லோவும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வு மையத்து இளம் சிம்பன்சிகளை 1980களிலிருந்து கவனித்து, சைகை என்பது இரு உயிர்களுக்கிடையே பழக்கத்தில் உருவாவது என்றார்கள். விளையாட்டாக அடிப்பதற்குக் குட்டி கையை ஓங்குகிறது. பலமுறை அடி வாங்கிய தோழன், கை எழும்போதே அடுத்து வருவதை அறிந்து விளையாட ஆயத்தமாகிறது. அதைக் கண்டுகொண்ட குட்டி, நாளடைவில் கையை மட்டும் உயர்த்திவிட்டுக் காத்திருக்கிறது. பார்த்துப் படிக்கின்றனவா என்பதற்கும் ஒரு சோதனை நடந்தது. ஒரு சிம்பன்சிக்குத் தனியே புதுச் சைகையைக் கற்பித்துக் கூட்டத்தில் விட்டார்கள். அச்சைகையால் அது உணவு பெறுவதைக் கண்ட பின்னும் மற்றவற்றில் ஒன்றுகூட அதைப் பின்பற்றவில்லை. கண்டதைச் செய்வதைக் குரங்குப் புத்தி என்று நாம் ஏளனம் செய்வது எவ்வளவு அநியாயம், பாருங்கள்!

உகாண்டாவின் புடோங்கோ காட்டில் சிம்பன்சிகளை ஆராய்ந்த காத்தரின் ஹோபைட்டரும் ரிச்சர்ட் பைர்னும், சைகைகள் பிறவியிலேயே அமைந்தவை என்ற வேறு முடிவுக்கு வந்தார்கள். 2011இல் அவர்கள் 66 வகைச் சைகைகளைப் பட்டியலிட்டார்கள். ஒவ்வொரு குட்டியும் தானாக உருவாக்கிக்கொள்வதென்றால், ஒன்றுக்கு மட்டுமே உரிய சைகைகள் சிலவாவது இருந்திருக்க வேண்டும்; அப்படி எதுவும் அகப்படவில்லை. மேலும், பல சைகைகள் கொரில்லாக்களிடமும் ஒராங்குட்டான்களிடமும் காணப்படுபவை. தாய் தன் உள்ளங்காலைக் குட்டிக்குக் காட்டினால் ‘ஏறிக்கொள்’ என்று பொருள். உரக்கக் கேட்குமாறு நீளச் சொறிந்தால் ‘வா, ரோமம் கோதுவோம்’ என்று பொருள். இத்தகைய பொருள்களில் 19ஐ அவர்கள் 2014இல் வகுத்துக் காட்டினார்கள்.

என் மனம் புடோங்கோவின் பக்கமே சாய்கிறது. யெர்க்ஸில் போல அடைபட்ட சிறு கூட்டத்தில் ஓர் இனத்தின் முழு வழக்கமும் வெளிப்படாது. ஆயினும் அது முழு விடையன்று. இலையைப் பல்லால் ஓசையுடன் கிழிக்கும் செயல் தான்சானியாவின் மஹாலேயில் இணையை அழைப்பதற்கும், கினியின் போசுவில் விளையாட்டுக்கும் பயன்படுகிறது. அங்கங்கே வழக்கம் புகுந்துவிடுகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

வளர்ச்சி என்று நான் கருதுவது வேறோர் இடத்தில் இருக்கிறது. புடோங்கோவின் குட்டிகள் ஒரே நோக்கத்துக்காகப் பல சைகைகளை அடுத்தடுத்துக் கொட்டுகின்றன; வயது ஏற ஏற, அவற்றுள் பலன் தருவது எது என்று கண்டு, ஒன்றே ஒன்றைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. பரம்பரையாக வந்த சொத்து பெரிது. அதைச் சிக்கனமாகச் செலவிடுவதே அனுபவத்தில் வருகிறது. எதிரிலிருப்பவர் பார்க்கிறாரா என்று கவனிப்பதும், பார்க்காவிட்டால் தொட்டுத் தெரிவிப்பதும், பதிலுக்குக் காத்திருப்பதும் இந்தப் பக்குவத்தைச் சேர்ந்தவையே. தாயும் குட்டியும் புறப்படும் வேளையை மார்லன் ஃப்ரோலிக்கும் சகாக்களும் ஒப்பிட்டபோது, சிம்பன்சிகளின் நெருங்கிய உறவினமான போனோபோக்கள் ஒன்றையொன்று நோக்கி, சைகை முடியுமுன்பே இசைந்துவிடுவதையும், சிம்பன்சிகள் சைகைகளால் நெடுநேரம் பேரம் பேசுவதையும் கண்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது எரிகா கார்ட்மிலும் பைர்னும் ஒராங்குட்டான்களிடம் செய்த சோதனை. விரும்பிய உணவைக் கேட்ட குரங்குக்கு அதில் பாதியை மட்டும் கொடுத்தால், முன்பு செய்த சைகையையே திரும்பச் செய்தது. வேண்டாத உணவைக் கொடுத்தாலோ, முன்பு செய்த சைகையைக் கைவிட்டு வேறு சைகைக்கு மாறியது. ‘அரைகுறையாகப் புரிந்துகொண்டார்’, ‘புரிந்துகொள்ளவே இல்லை’ என்ற இரண்டையும் அது பிரித்தறிகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜெர்மனியிலும் உகாண்டாவிலும் ஒன்று முதல் இரண்டு வயதுள்ள குழந்தைகளிடம் பதிவான 52 சைகைகளில் பெரும்பாலானவை மனிதக் குரங்குகளுக்கும் உரியவையாம். தங்கள் பேத்திக்கும் இப்போது அந்த வயதுதானே? சொற்கள் வந்து கையின் வேலையைப் பறித்துக்கொள்ளுமுன், கேட்டது கிடைக்காதபோது அதே சைகையைத் தொடர்கிறாளா, வேறொன்றுக்கு மாறுகிறாளா என்று கவனித்து எழுதுங்கள்.

அன்புடன்,
இராமலிங்கம்