க்ரௌல் குரலுக்கும் மேடை கொடுங்கள்: சென்னைக் கல்லூரிக் கலைவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கல்ச்சுரல்ஸ் குழு மாணவர்களுக்கும், உடன் நிற்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

பேண்ட் போட்டிக்கான விதிகளை நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் நேரம் இது. எனக்குத் தெரிந்த பையன்கள் சிலர் ஒரு கல்லூரியில் பெயர் கொடுக்கப் போனார்கள். க்ரௌல் குரலில், அதாவது தொண்டையிலிருந்து உறுமுவது போலப் பாடும் குழுக்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, அது இசையே இல்லை, வெறும் வன்முறை என்று பதில். பையன்கள் வாசிக்க நினைத்தது 'டெத்' என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் 'ஹ்யூமன்' ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு. உங்கள் விதிகளிலும் அப்படி ஒரு வரி இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். மனசு வரவில்லை என்றால், முதலில் அந்த ஆல்பத்தை முழுசாக ஒருமுறை கேளுங்கள். 8 பாட்டு, மொத்தமே சுமார் 34 நிமிடம்தான்.

அந்த ஆல்பம் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில், மாரிசவுண்ட் ஸ்டுடியோவில் பதிவாகி 1991 அக்டோபரில் வெளிவந்தது. அதற்கு முந்தின வருஷம் குழு கிட்டத்தட்ட உடைந்தே போயிருந்தது. ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்கு, குழுவைத் தொடங்கிய பாடகரும் கிட்டார் கலைஞருமான சக் ஷுல்டினர் வரவில்லை என்றதும், மற்றவர்கள் அவர் இல்லாமலே போய் வாசித்துவிட்டு வந்தார்கள். அப்புறம் அவர் புதுசாக ஆட்களைச் சேர்த்தார்: கிட்டாருக்கு பால் மஸ்விடல், ட்ரம்ஸுக்கு ஷான் ரைனர்ட், பேஸ் கிட்டாருக்கு ஸ்டீவ் டிஜார்ஜியோ. மஸ்விடலுக்கும் ரைனர்ட்டுக்கும் அப்போது வயது 20. ஷுல்டினருக்கே 24தான். உங்கள் போட்டிக்கு வரும் பிள்ளைகளின் வயது.

முதல் பாட்டில் ட்ரம்ஸ் தூரத்திலிருந்து கிளம்பி, மெல்ல மெல்லப் பெரிதாகி வரும். ரைனர்ட் ஜாஸில் ஊறியவர். கால்கள் இரண்டும் கிக் ட்ரம்மை அடிக்கும் டபுள் பெடலில் நிற்காமல் ஓட, கை சிம்பலில் தனியாக ஒரு கணக்கை நடத்தும். அந்தப் பையன்களின் பயிற்சியைப் பார்க்க வடபழனியில் ஒரு வாடகை ஜாம் ரூமுக்குப் போயிருந்தேன். ட்ரம்மர் பையன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கால்களை மட்டும் ஓடவிட்டான். கால் நிலைத்த பிறகுதான் வலது கையை எடுத்து ரைட் சிம்பலின் நடுக்குமிழில் வைத்தான். கை சேர்ந்ததும் இடது கால் பின்தங்கியது. நிறுத்தினான். தாளக் கணக்கு காட்டும் மெட்ரோனோமின் வேகத்தைக் குறைத்து மறுபடி ஆரம்பித்தான். மற்ற மூன்று பேரும் கருவியைத் தொடாமல் காத்திருந்தார்கள். அந்த உழைப்பை வன்முறை என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கிறது.

பாட்டு வரிகள்தான் பயம் என்றால் அதையும் பேசுவோம். டெத் குழுவின் 1987 முதல் ஆல்பம் ரத்தமும் பிணமுமாக இருந்தது உண்மைதான். 'ஹ்யூமன்' அப்படியில்லை. ஒரு பாட்டு, உடல் ஒட்டிப் பிறந்த இரட்டையரைப் பற்றியது. இன்னொன்று, தீராத நோயில் கிடப்பவரின் சாவை முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்று கேட்கிறது. பையன்கள் தேர்ந்தெடுத்த 'லேக் ஆஃப் காம்ப்ரிஹென்ஷன்', வாழ்க்கையில் நேரும் கெடுதலுக்கெல்லாம் பாட்டின் மேல் பழிபோடுகிறவர்களைப் பற்றியது. மென்மையான கிட்டாரில்தான் அது ஆரம்பிக்கும். 'காஸ்மிக் ஸீ'யிலோ குரலே கிடையாது.

இத்தனை வருஷம் கழித்தும் இது ஏன் பழசாகவில்லை என்று கேட்பீர்கள். கேட்கிறவரோடு சேர்ந்து இதுவும் வளர்கிறது. பள்ளி வயதில் எனக்கு வேகம் மட்டும்தான் காதில் விழுந்தது. வேலைக்குப் போன பிறகு வரிகள் பிடிபட்டன. பழைய பதிவில் அமுங்கிக் கிடந்த டிஜார்ஜியோவின் பேஸ், 2011-இல் மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட்டபோது வெளியே வந்தது. மனப்பாடமான பாட்டுக்குள் கேட்காத ஒரு பாட்டு இருந்தது. ஷுல்டினர் மூளைக் கட்டியால் 2001 டிசம்பரில் 34 வயதில் போய்விட்டார். ரைனர்ட்டும் 2020-இல் போய்விட்டார். இன்றைக்கும் இருபது வயதுப் பிள்ளைகள் அவர்களை வாசிக்கத் துடிக்கிறார்கள் என்றால், அதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை.

இந்தக் குரல் நம் கல்லூரி மேடைகளுக்குப் புதுசும் இல்லை. 2009-இல் சென்னை ஐஐடியின் சாரங் கலைவிழாவில், க்ரௌல் குரலில் பாடும் ஸ்வீடன் மெட்டல் குழுவான ஓபெத் வந்து வாசித்தது.

விதியை எடுத்தால் மட்டும் போதாது, இன்னும் சில உதவிகள் வேண்டும். நடுவர்களில் ஒருவராவது மெட்டல் கேட்பவராக இருக்கட்டும். சவுண்ட் செக்குக்கு நேரம் கொடுங்கள். கல்லூரி ஆடிட்டோரியங்களில் கிக் ட்ரம் சப்-வூஃபரில் முழங்கும். டபுள் பெடல் வாசித்தால் எல்லாம் குழம்பி ஒரே இரைச்சலாகிவிடும். கிக் மைக்கில் கனத்த முழக்கத்தைக் குறைத்து, பெடலின் சுத்தியல் ட்ரம்மின் தோலில் படும் சத்தத்தைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்கும். க்ரௌல் பாடுபவர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் ஃபீட்பேக் வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேண்டுமென்றால் நானே வந்து மிக்ஸர் பக்கத்தில் உட்காருகிறேன், பணம் எதுவும் வேண்டாம்.

விதிகள் அச்சுக்குப் போவதற்குள் முடிவெடுங்கள். பையன்கள் பயிற்சியை நிறுத்தவில்லை.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து ஒரு மெட்டல் ரசிகன்