லூமென் எண்ணை மட்டும் பார்த்து விளக்கு வாங்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சைக்கிள் விளக்குகளை ஒப்பிட்டு நீங்கள் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்தேன். விலை, எடை, லூமென் (ஒளியின் அளவு) என்று மூன்றே கட்டங்கள் போட்டு, லூமென் அதிகம் உள்ளதற்கு முதலிடம் கொடுத்துவிட்டீர்கள். இருபது வருடமாக இருட்டில் சைக்கிள் மிதிக்கிறவன் சொல்கிறேன், அந்த ஓர் எண்ணை வைத்து விளக்கின் தரத்தைச் சொல்லவே முடியாது.

என் முதல் விளக்கு டயரில் உரசி ஓடும் டைனமோ. மொத்தமே 6 வோல்ட், 3 வாட், அதில் 2.4 வாட் முன்னால், 0.6 வாட் பின்னால். குண்டு பல்பு ஒரு வாட்டுக்குப் பத்துப் பதினைந்து லூமென் கொடுத்தாலே பெரிய விஷயம், மழையில் உருளை வழுக்கினால் அதுவும் போச்சு, சைக்கிள் நின்றால் விளக்கும் நின்றுவிடும். ஆனால் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்று ஒரு நாளும் பயந்ததில்லை. அப்புறம் ஹேலஜன் வந்தது. மலைப்பாதையில் ஓட்டும் சிலர் வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து எரியும் எச்ஐடி விளக்கைக் கூட மாட்டிக்கொண்டார்கள்: அபார வெளிச்சம், கொள்ளை விலை, அணைத்துவிட்டால் சூடு ஆறும்வரை மறுபடி எரியாது. வாட்டுக்கு 100 லூமெனுக்கு மேல் தரும் எல்இடி வந்ததும் எல்லாமே மூலைக்குப் போய்விட்டன.

இப்போது போட்டி எல்இடிகளுக்குள்தான், ஏமாற்றும் அங்கேதான். பெட்டியில் 3,000 லூமென் என்று போட்டிருந்த ஒன்றை, இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். உள்ளே 18650 என்ற அளவிலான ஒரே ஒரு லித்தியம் செல், அதன் மேல் 9,900 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, செல் தேக்கும் மின்சாரத்தின் அளவு) என்று அச்சு. பெயர் பெற்ற தயாரிப்பாளர்களே இந்த அளவு செல்லில் 3,500-ஐ ஒட்டித்தான் கொடுக்கிறார்கள். சந்தேகப்பட்டுத் தராசில் வைத்தேன், 29 கிராம்! ஒழுங்கான செல் 45 கிராம் வாக்கில் இருக்கும். சரி, நல்ல செல்லே போட்டிருந்ததாக வைத்துக்கொள்வோம்: 3.6 வோல்ட், 3.5 ஆம்பியர் மணி, பெருக்கினால் சுமார் 12.6 வாட் மணி. 3,000 லூமெனுக்கு 25 வாட்டாவது வேண்டும், அரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும், அதற்கும் முன்பே உள்ளங்கை அளவுள்ள அந்தக் கூடு தொட முடியாதபடி கொதிக்கும் என்பதால் நல்ல விளக்குகள் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். என்னுடையதில் அந்தக் கவலையே எழவில்லை, அது தொடக்கத்திலிருந்தே மங்கலாகத்தான் எரிந்தது.

லூமென் என்பது விளக்கிலிருந்து கிளம்பும் மொத்த ஒளி. பள்ளம் கண்ணில் படுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த இடத்தில் எவ்வளவு விழுகிறது என்பது, அதற்கு அளவு லக்ஸ். 10 மீட்டரில் 40 லக்ஸ் விழுந்தால் 20 மீட்டரில் 10தான். டார்ச் மாதிரி வட்டமாக அடிக்கும் விளக்கு தன் ஒளியில் பாதியை மரக்கிளைக்கும் எதிரே வருகிறவர் கண்ணுக்கும் தாரை வார்க்கிறது. (அப்படி ஒருவர் எதிரே வந்து நான் ஒருமுறை ஓரத்து மண்ணில் இறங்கி விழுந்திருக்கிறேன், அவருக்குத் தெரியக்கூட வாய்ப்பில்லை.) கார் விளக்கைப் போல மேல் விளிம்பை வெட்டி, ஒளியைச் சாலையில் மட்டும் பரப்பும் சைக்கிள் விளக்குகளும் உண்டு. ஜெர்மனியில் சாலையில் ஓட்ட அந்த வகைதான் வேண்டும். அப்படிப்பட்ட 300 லூமென் விளக்கில் எனக்குச் சாலை தெரிந்த அளவுக்கு அந்த '3,000'-இல் தெரியவில்லை.

உங்கள் அட்டவணையில் சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்புக்குள் இருக்கும் டைனமோவே இல்லை. அதே பழைய 3 வாட்தான், ஆனால் எல்இடியோடு சேர்ந்தால் 300 லூமென் எளிதாக வருகிறது, மழையில் வழுக்காது, மின்தேக்கி இருப்பதால் நின்ற பிறகும் சில நிமிடம் எரியும். சக்கரத்தையே மாற்றிக் கட்ட வேண்டியிருப்பதால் செலவு பெரிது. எப்போதாவது இரவில் ஓட்டுகிறவருக்கு யுஎஸ்பியில் சார்ஜ் ஏறும் விளக்கே போதும், தினமும் ஓட்டுகிறவருக்கு ஹப் டைனமோதான் என்பது என் கட்சி.

பின் விளக்கு மலிவானதாக இருந்தாலும் பரவாயில்லை, மழைத் தூறலைத் தாங்கும் என்பதற்கான ஐபிஎக்ஸ்4 என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்த முறை அட்டவணை போடும்போது 10 மீட்டரில் எத்தனை லக்ஸ், முழு வெளிச்சத்தில் எத்தனை நிமிடம் என்று இரண்டு கட்டங்கள் சேர்த்துப் போடுங்கள். இடம் இல்லையென்றால் எடையை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
இரவில் சைக்கிள் ஓட்டும் வாசகன்